காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மரச்சீனியைத் தவிர

களியக்காவிளை பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாமனாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. எண்ணெயைக் குறைத்து, காய்கறியை நிறையச் சேர்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதனால் எந்தக் காயாக இருந்தாலும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, மேலாகத் தாளித்து வைக்கிறேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை, பையன் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறான். ஏர் ஃப்ரையர் வாங்கினால் சரியாகுமா, இல்லை பச்சையாகச் சாப்பிடுவதுதான் நல்லதா?"

பையனைக் குறை சொல்ல மாட்டேன். நிறையத் தண்ணீரில் வெந்து வடிக்கப்பட்ட காயில் ருசி இருக்காது, அது வடிதண்ணீரோடு போய்விடுகிறது. கூடவே வைட்டமின் சி, ஃபோலேட் மாதிரி தண்ணீரில் கரையும் சத்துகளும் பொட்டாசியமும் கணிசமாகப் போய்விடுகின்றன. சாதாரணமாக பிரஷர் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் நல்லது என்றுதான் காய்கறியைக் கூட்டச் சொல்வார்கள், நீங்கள் அதையே சிங்க்கில் ஊற்றிவிட்டு, எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கம் எல்லார் வீட்டிலும் வைக்கிற, தேங்காய் அரைப்பு சேர்த்த பொரியலான துவரன்தான், எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் தோரன் என்பார்களே, அதை ஒழுங்காக வைத்தாலே போதும். குறைந்த தண்ணீர், மூடி, குறைந்த நேரம் என்று ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வதெல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

பயத்தங்காயை எடுத்துக்கொள்வோம். முழுசாகக் கழுவிவிட்டு அப்புறம் நறுக்குங்கள், நறுக்கியபின் கழுவினால் வெட்டுவாய் வழியே சத்து இறங்கிவிடும். பொடிசாக, ஒரே அளவாக நறுக்கினால் சீக்கிரம் வேகும். சட்டியில் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, நாலைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்). காயைப் போட்டு, கொஞ்சம் உப்பு சேர்த்து, கையால் தண்ணீர் தெளித்து (ஊற்றக் கூடாது, தெளிக்கத்தான்) இரண்டு நிமிடம் திறந்தே வதக்கிவிட்டு மூடுங்கள். முதலில் திறந்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: பச்சைக் காய் சூடாகும்போது அதிலிருந்து லேசான அமிலம் ஆவியாக வெளியேறும், ஆரம்பத்திலேயே மூடிவிட்டால் அது காயிலேயே திரும்பப் படிந்து, பச்சை நிறம் பாசி படிந்த மாதிரி மங்கிப்போகும். நிறத்துக்காகச் சோடா உப்பு போடுகிறவர்கள் உண்டு, வேண்டாம். பச்சை நிற்கும், வைட்டமின் போய்விடும், காயும் குழைந்துவிடும்.

நாலைந்து நிமிடத்தில் காய் முக்கால்வாசி வெந்திருக்கும். அதற்குள் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலோடு சீரகம், இரண்டு பல் பூண்டு, மஞ்சள், பச்சை மிளகாய் வைத்து அம்மியிலோ மிக்ஸியிலோ ஒரு சுற்று, தண்ணீர் விடாமல் சதைத்துக்கொள்ளுங்கள். காயை ஓரத்துக்குத் தள்ளி நடுவில் குழி பறித்து, அரைப்பை அதில் வைத்து, காயாலேயே மூடி, மறுபடி மூடி போட்டு சிறு தீயில் மூன்று நிமிடம். திறக்கும்போது பூண்டின் பச்சை வாசம் போய்ச் சீரக வாசம் மேலே வரும். அப்போது கிளறி இறக்குங்கள். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், வாழைப்பூ எல்லாவற்றுக்கும் இதுதான் வழி, நேரம்தான் மாறும். கோஸை மட்டும் கடிபடும் பதத்திலேயே இறக்கிவிடுங்கள், அதிகம் வெந்தால் கந்தக வாடை அடிக்கும், பையன் ஒதுக்குவது அதனால்கூட இருக்கலாம்.

தேங்காயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், நம்மூரில் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும். ஒரு கைப்பிடி துருவல், சுமார் 30 கிராம் என்று வைத்தால், அதில் ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பு இருக்கிறது, அதாவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சமம். துருவலில் நார்ச்சத்தும் இருப்பதால் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் தேங்காயையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். நாலு பேருக்கான துவரனுக்கு ஒரு கைப்பிடி தாராளம். அவியலுக்கும் இதே கணக்குதான்: தாளிப்பே இல்லாமல் இறக்கும்போது ஒரு ஸ்பூன் பச்சை எண்ணெய் விடுவது நல்ல பழக்கம், அரை மூடித் தேங்காயும் சேர்ந்தால்தான் சிக்கல். வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பான தீயலுக்கு வெண்டைக்காயை எண்ணெயில் மூழ்கப் பொரிக்காமல் வெறும் சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெயோடு சுருள வதக்கினாலே வழுவழுப்பு போய்விடும். தேங்காயை எண்ணெய் விடாமல் வறுங்கள். அப்புறம் புளித்தண்ணீரைக் காய் வெந்தபிறகுதான் விடவேண்டும், புளிப்பில் காய் லேசில் வேகாது, அடுப்பு நேரம்தான் இழுக்கும். அவியலில் மாங்காயோ தயிரோ கடைசியில் சேர்ப்பதும் இதனால்தான்.

இதையெல்லாம் செய்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு பப்படமும் ஊறுகாயும் வைத்தால் கணக்கு பழையபடி ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள். மாமனாருக்குக் காயில் குறைத்த உப்பு பப்படத்தில் வந்துவிடக் கூடாது.

தண்ணீரைக் கொட்டியே ஆகவேண்டிய காய் உங்கள் வீட்டில் இருக்கிறது: மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, தோலில் அதிகம். தோலையும் உள்ளே இருக்கிற பட்டையையும் நன்றாக உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, வடித்துவிடுங்கள். பச்சையாக ஒரு துண்டுகூட வாயில் போடக் கூடாது. நம் பாட்டிமார் வடித்தது ருசிக்காக மட்டும் இல்லை. மாமனாருக்கு மரச்சீனி வைக்கிற நாளில் அது காய் என்று நினைக்காமல் சோற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது முழுக்க மாவுதான். சேனையும் மாவுதான், அதன் அரிப்புக்குக் கொஞ்சம் புளி சேர்த்து வேகவைத்தால் போதும்.

குக்கரைக் குறை சொல்ல வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு, மிச்சத் தண்ணீரைச் சாம்பாரிலோ ரசத்திலோ சேர்த்தால் அது நல்ல முறைதான். கீரையைக் குக்கரில் வைத்து மூன்று விசில் விடுவதுதான் வீண் வேலை. முருங்கைக் கீரை உருவின கையோடு சட்டியில் போட்டால் அஞ்சாறு நிமிடம்.

பச்சையாகச் சாப்பிடலாமா என்றால் வெள்ளரி, கேரட், வெங்காயம் தாராளமாக, நன்றாகக் கழுவி. வைட்டமின் சி பச்சைக் காயில்தான் அதிகம் நிற்கும், கேரட்டின் பீட்டா கரோட்டினோ கொஞ்சம் எண்ணெயோடு வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். இரண்டும் வேண்டும்.

ஏர் ஃப்ரையர்? வாழைக்காய், பாவைக்காய் வறுவல் வாரம் முழுக்கக் கேட்கிற வீடென்றால் எண்ணெய் மிச்சமாகும். துவரனுக்கும் அவியலுக்கும் அது பயன்படாது, அந்தக் காசுக்கு அடி கனமான ஒரு இரும்புச் சட்டியும் பொருத்தமான மூடியும் வாங்கினால் மீதிக்கு மார்த்தாண்டம் சந்தையில் நிறையக் காய் வாங்கலாம்.

தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு முன் மாமனாரின் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சர்க்கரையும் பிரஷரும் பல வருடம் இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. கிரியாட்டினினோ (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) பொட்டாசியமோ ஏறியிருந்தால் அவருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அப்போது நீங்கள் இப்போது செய்கிற மாதிரி வேகவைத்து வடிப்பதுதான் சரி. அப்படியிருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவருக்கு மட்டும் தனியாக வடித்துவிட்டு, மற்றவர்களுக்குத் துவரன் வையுங்கள்.