ஏழாவது வரி

கேள்வி: வங்கியில் ஆறு ஆண்டுகள் கடன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். வங்கிகள் திருப்பி அனுப்பும் சிறு வியாபாரிகளுக்கும் தினக்கூலித் தொழிலாளர்களுக்கும் கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் தரும் நிறுவனம் தொடங்கப் போகிறேன். நோக்கம் சேவைதான், ஆனால் லாபம் இல்லாமல் நிறுவனம் நிற்காது. 'சேவை என்று பேசினால் எவனும் முதல் போட மாட்டான்' என்கிறார்கள் நண்பர்கள். சேவையும் லாபமும் ஒரே நிறுவனத்தில் இருக்க முடியுமா? திட்டத்தையும் ஐந்தாண்டு வருமான மதிப்பீட்டையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முடியும். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் திட்டத்தில் முடியாது.

உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன், மதிப்பீட்டை மூன்று முறை படித்தேன். மூன்றாம் ஆண்டு வருமானப் பட்டியலில் ஏழாவது வரி 'தாமதக் கட்டணம்'. மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் ஆண்டில் அது நான்கில் ஒரு பங்காகிறது. தவணை தவறுகிறவர் யார்? காய்ச்சலில் படுத்தவர், மழையால் நான்கு நாள் வேலை கிடைக்காதவர். முதல் பக்கத்தில் 'கைதூக்கி விடுவேன்' என்று நீங்கள் எழுதியிருப்பதும் இவர்களைப் பற்றித்தான். அதே ஆட்களின் கெட்ட நாட்களை நம்பித்தான் உங்கள் லாபமும் இருக்கிறது.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு இதைப் போட்டீர்கள் என்று நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் போடும் வரி, நீங்களும் போட்டுவிட்டீர்கள். ஆனால் இரண்டு வருடம் கழித்து என்ன நடக்கும் என்று பாருங்கள். உங்கள் ஊழியர் ஒருவர், 'தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் பாதிப் பேர் தவறமாட்டார்கள்' என்பார். செலவே இல்லாத நல்ல யோசனை. அதை முதலில் எதிர்ப்பவர் உங்கள் நிதி மேலாளராகத்தான் இருப்பார், ஏனென்றால் ஏழாவது வரி குறைந்துவிடும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். சம்பளம் கொடுக்கப் பணம் தேவைப்படும் ஒரு மாதக் கடைசியில் முடிவு செய்தால் அது தவறாகத்தான் முடியும்.

நோக்கமும் வருமானமும் ஒரே பக்கம் இழுக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லண்டனில் வேலை பார்த்த இரண்டு எஸ்தோனியர்கள், டாவெட் ஹின்ரிகஸ், கிறிஸ்டோ கார்மன். முதலாமவர் ஸ்கைப்பின் முதல் ஊழியர். அவருக்கு யூரோவில் சம்பளம், லண்டன் செலவுக்குத் தேவைப்பட்டது பவுண்டு. கார்மனுக்குப் பவுண்டில் சம்பளம், ஊரில் வீட்டுக்கடன் யூரோவில். தனக்குக் கிடைத்த 10,000 பவுண்டு போனஸை ஊருக்கு அனுப்பியபோது, கணக்கிட்டதைவிடச் சுமார் 500 பவுண்டு குறைவாகப் போய்ச் சேர்ந்ததைக் கார்மன் கவனித்தார். கட்டணம் என்று சொல்லி எடுத்தது கொஞ்சம்தான். மீதி, மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு இருவரும் சந்தை விகிதத்தைப் பார்த்து, கார்மன் ஹின்ரிகஸின் லண்டன் கணக்கில் பவுண்டு போட, ஹின்ரிகஸ் கார்மனின் எஸ்தோனியக் கணக்கில் யூரோ போட்டார். பணம் எல்லை தாண்டவே இல்லை. 2011-ல் அது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் டிரான்ஸ்ஃபர்வைஸ் என்ற நிறுவனமானது, இன்றைக்கு அதன் பெயர் வைஸ். கட்டணத்தை ஒளிக்காமல் முதலிலேயே காட்டுவதுதான் அவர்கள் விற்ற சரக்கு. மறைத்து எடுக்க ஆரம்பித்தால் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அவர்களுக்கு அது சொந்த வலி. உங்களுக்கு அப்படியில்லை, நீங்கள் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர். 'வங்கிகள் திருப்பி அனுப்பும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு ஆண்டுகளில் திருப்பி அனுப்பியவர்களில் நீங்களும் ஒருவர்தானே? இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் பெரிய மூலதனமே அதுதான். யாரை, எந்தத் தாள் இல்லை என்று அனுப்பினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். செயலியை எழுத ஆள் தேடும் முன், அப்படிப்பட்ட இருபது பேரோடு உட்காருங்கள். பணம் எந்தக் கிழமை வருகிறது, எந்த மாதம் வறட்சி, அவசரத்துக்கு யாரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் திட்டப்படி எல்லோருக்கும் தவணை மாதம் 5-ம் தேதி. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கிறவர் கையில் 5-ம் தேதி மொத்தமாகப் பணம் எப்படி இருக்கும்? அந்தத் தேதி மாதச் சம்பளக்காரருக்காக வைத்தது. அவர் தவறவில்லை, உங்கள் தேதிதான் தவறு. தவணையைத் தினமோ வாரமோ அவர் வரவுக்கு ஏற்றபடி பிரித்தால் ஏழாவது வரியில் பாதி தானாகப் போய்விடும் என்று நினைக்கிறேன்.

தொழில்நுட்பம் என்றதும் செயற்கை நுண்ணறிவு, தரவு மதிப்பெண் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 1974-ல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையாரின் சேவா அமைப்புப் பெண்கள் தொடங்கிய வங்கியை ஒரு முறை படித்துப் பாருங்கள். சுமார் 4,000 பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய் பங்கு. தெருவில் காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள். பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று கேட்டார்கள். பதிவுக்கு முந்தைய இரவு முழுக்க உட்கார்ந்து, பொறுப்பேற்ற பெண்கள் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். கணக்கு தொடங்க வந்த பெண்களுக்கு வங்கி ஒரு வழி கண்டுபிடித்தது. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண்ணைப் புகைப்படம் எடுத்தார்கள். படமும் எண்ணும் சேர்ந்து அடையாளமாயிற்று. ஒரு சிலேட்டு, ஒரு கேமரா. நிதித் தொழில்நுட்பம் என்றால் என் மனதில் முதலில் வருவது அந்தப் படம்தான். அவமானப்பட்டுத் திரும்பிப் போக வேண்டியவரை உள்ளே உட்கார வைத்தது அது. உங்கள் நான்கு பக்கத்தில் யாரை உள்ளே உட்கார வைக்கிறீர்கள் என்று ஒரு வாக்கியமும் இல்லை. யாரைத் தள்ளுவது என்பதுதான் விரிவாக இருக்கிறது.

அப்புறம், திட்டத்தில் பிடிவாதம் வேண்டாம். கென்யாவில் எம்-பெசா 2005-ல் சோதனையாக நடந்தபோது, அது சிறுகடன் தவணையைக் கைப்பேசியில் கட்டுவதற்கான ஏற்பாடு. கையில் கொடுத்ததும் மக்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். நடத்தியவர்கள் அதைத் தடுக்கவில்லை. 2007 மார்ச்சில் சேவை பொதுமக்களுக்கு வந்தபோது 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்பதுதான் விளம்பரம். உங்கள் மக்களுக்கும் கடனைவிடச் சேமிப்போ காப்பீடோ அவசரமாகத் தேவைப்படலாம். அப்போது திட்டத்தை மாற்றும் மனம் வேண்டும்.

முதலீட்டாளர் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரியில்லை. சேவை என்றாலும் பணம் வரும், பல நேரம் தேவைக்கு மேலேயே வரும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. மெக்சிகோவின் கொம்பார்டாமோஸ் 1990-ல் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பிறந்தது, ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுத்தது. 2007-ல் பங்குச் சந்தைக்குப் போனபோது சுமார் 30 சதவீதப் பங்குகள் 45 கோடி டாலருக்கும் மேல் விலைபோயின. அந்தப் பணம் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களுக்குப் போனது, கடன் வாங்குகிறவர்களுக்குப் போகவில்லை. அப்போது அந்தப் பெண்கள் கட்டிய வட்டி, வரியும் சேர்த்து ஆண்டுக்கு 100 சதவீதத்தை நெருங்கியது. வங்கதேசத்தில் கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். கொம்பார்டாமோஸின் தரப்பு, 'அதிக லாபம் இருந்தால்தான் அதிக ஏழைகளை எட்ட முடியும்' என்பது. எண்ணிக்கையில் அது நடந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டிப் பிடித்தவரிடம் என்ன எடுக்கிறோம் என்று கேட்காமல், எத்தனை பேரை எட்டினோம் என்று மட்டும் எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே முதல் பணம் வாங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: வட்டிக்கு உச்சவரம்பு இவ்வளவு, மொத்தச் செலவும் ஒரே எண்ணாக முதல் திரையில் தெரியும், வசூலுக்காக யாருடைய தொடர்புப் பட்டியலையும் தொடமாட்டோம். அப்படித் தொடர்புப் பட்டியலைத் தொடுவதை இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் நெறிமுறைகளிலேயே தடுத்திருக்கிறது. தவணை தவறியவரின் அக்காவுக்கும் முதலாளிக்கும் போன் போட்டு மானத்தை வாங்கிய செயலிகளால்தான் அப்படி ஒரு விதியே தேவைப்பட்டது. இதையெல்லாம் படித்துவிட்டு எழுந்து போகிற முதலீட்டாளர் போகட்டும். ஐந்து பேர் போய் ஆறாவது ஆள் உட்கார்ந்தால் போதும்.

ஏழாவது வரியில் பூஜ்யம் போட்டு மதிப்பீட்டை மறுபடி தயாரியுங்கள். நஷ்டம் காட்டினால் எவ்வளவு, எந்த ஆண்டு வரை என்று பார்த்து, அந்த நஷ்டத்தை வேறு எங்கே ஈடுகட்டலாம் என்று யோசியுங்கள். அதையும், அந்த இருபது பேர் சொன்னதையும் சேர்த்து அனுப்பினால் உட்கார்ந்து படிக்கிறேன். விலாசம் உங்களிடம் இருக்கிறது.