முகாமில் பிள்ளைகள் கையில் என்ன தைக்கக் கொடுப்பது?

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் முகாம் வாசனை வந்துவிடும். இந்த முறை பதில்கள் எல்லாம், சபை முகாமில் கைவேலை நேரத்தைப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு.

கேள்வி: அம்மா, 10 முதல் 13 வயது வரை உள்ள 24 பிள்ளைகளுக்கு நான் கைவேலை நடத்த வேண்டும். இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். தையல் இயந்திரம் கிடையாது. பலர் ஊசியைத் தொட்டதே இல்லை. எதில் தொடங்குவது? – ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: சுருக்குப் பையில் தொடங்குங்கள். சிறிய புதிய ஏற்பாடு, பேனா, வசன அட்டைகள் எல்லாம் அதில் கொள்ளும். முகாமுக்கு வேலை தேர்ந்தெடுக்கும்போது நான் இரண்டே விஷயங்களைப் பார்ப்பேன். பிள்ளை அதைத் தன் கையாலேயே முடிக்க முடியுமா? முடித்த பிறகு யாருக்காவது அது உதவுமா? இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வேலை எனக்கு வேண்டாம்.

ஆளுக்கு 20 செ.மீ. அகலமும் 56 செ.மீ. நீளமும் உள்ள பருத்தித் துண்டு ஒன்று போதும். வழுவழுப்பான துணி புதியவர்கள் கையில் நிற்காது. கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். வெட்டுவது, சுண்ணக்கட்டியால் கோடு போடுவது இரண்டையும் முகாமுக்கு முன்பே நீங்கள் முடித்துவிடுங்கள். அங்கே போய் வெட்டத் தொடங்கினால் ஒரு கத்தரிக்கோலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், நேரம் அதிலேயே போய்விடும்.

முதல் நாள் வாய்ப்பகுதி. துண்டின் இரு முனைகளிலும், பக்கவாட்டு ஓரங்களை முனையிலிருந்து சுமார் 8 செ.மீ. தூரத்துக்கு 1 செ.மீ. உள்ளே மடித்து ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிப்போகும் தையல்) போட வேண்டும். பிறகு முனையை முதலில் 1 செ.மீ., அதன்மேல் 3 செ.மீ. மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டித் தைத்தால் கயிறு போக ஒரு குழல் கிடைக்கும். இரு முனையிலும் இப்படியே. அன்றைக்கு அது போதும்.

இரண்டாம் நாள் துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைக்க வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. ஆர்வத்தில் பிள்ளைகள் மேல்விளிம்பு வரை தைத்துக் குழலின் வாயை மூடிவிடுவார்கள். அப்புறம் கயிறு நுழையாது. பிரித்துத் தைக்கும்போது பாதிப் பேருக்கு அழுகை வந்துவிடும். அதனால் குழலுக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் தடிமனாக ஒரு புள்ளி வையுங்கள். "கீழ் மடிப்பில் தொடங்கி, புள்ளி வந்ததும் நில்" என்று சொன்னால் போதும். மூன்று ஓட்டுத் தையலுக்கு ஒரு பின்தையல் (ஓர் அடி பின்னால் போய்க் குத்தி முன்னால் எடுக்கும் தையல்) என்ற கணக்கில் தைத்தால் பை பிரியாது, வேகமும் குறையாது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அதே இடத்தில் இரண்டு பின்தையல்.

கயிறு இரண்டு, ஒவ்வொன்றும் 60 செ.மீ. முனையில் ஊக்கைக் குத்தி, ஒன்றை இடப்பக்கம் நுழைத்து இரண்டு குழல்களையும் சுற்றி இடப்பக்கமே வெளியே எடுங்கள். மற்றதை வலப்பக்கமிருந்து அதேபோல. இரு பக்கமும் முடிச்சிட்டு இழுத்தால் வாய் சுருங்கும். அந்த முதல் இழுப்பில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். சுருங்கிய பையைத் திறந்து மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தையல் கோணலாக இருக்கிறது என்று நீங்கள் வாங்கித் திருத்தாதீர்கள். நீங்கள் திருத்திய பை உங்கள் பை ஆகிவிடும்.

கேள்வி: அக்கா, எங்கள் வாலிபர் முகாமில் 15, 16 வயதுப் பையன்கள் "தையல் பெண்பிள்ளைகள் வேலை" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் தனியாக விளையாட்டு வைத்துவிடலாமா? – வாலிபர் ஐக்கியத் தலைவர் ஒருவர்

பதில்: வைக்காதீர்கள், தம்பி. வைத்தால் அவர்கள் சொன்னது சரியென்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தை எடுத்து அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தவர். கெட்டித் துணியும் ஊசியும் அவர் கையில் தினமும் புழங்கியவை. யாத்திராகமம் 31இல், ஆசரிப்புக் கூடார வேலைக்காகத் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகப் பெயர் சொல்லப்படுகிற பெசலெயேல் ஓர் ஆண். கூட இருந்த அகோலியாபுக்குச் சித்திரத்தையல் தெரியும் என்று 35ஆம் அதிகாரம் சொல்கிறது.

வேலையையும் அவர்களுக்குத் தக்கபடி கொடுங்கள். பையன்களிடம் நான் முதலில் நீட்டுவது சட்டைப் பொத்தான். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவிவிட்டு, கிடைத்த தளர்ச்சியில் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். அந்தச் சின்னக் காம்பு இருப்பதால்தான் பொத்தான் மாட்டும்போது துணி இழுபடாது. காரணம் தெரிந்துகொண்ட பையன் அதை உடனே பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவான்.

அடுத்தது முடிச்சுக் கைப்பட்டை. நடுவில் அசையாத இரண்டு நூல், ஓரத்தில் முடிச்சுப் போடும் இரண்டு நூல். நடு நூல் மணிக்கட்டின் சுற்றளவைப்போல் இரண்டு மடங்கும், ஓர நூல் ஒவ்வொன்றும் ஐந்தாறு மடங்கும் இருக்கட்டும். ஒரு முறை இடது நூலை நடுநூல்களுக்கு மேலே கொண்டுவந்து முடிச்சிட்டால், அடுத்த முறை வலது நூலை மேலே கொண்டுவர வேண்டும். மாற்றி மாற்றிப் போட்டால் பட்டை தட்டையாக வரும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கினால் தானாகவே முறுக்கிக்கொண்டு சுருளாகிவிடும். யாருக்காவது முறுக்கிக்கொண்டால் அவிழ்க்கச் சொல்லாதீர்கள். அதுவும் ஒரு வகை, பார்க்க அழகாகவே இருக்கும்.

கேள்வி: ஊசி காணாமல் போகும் என்ற பயத்திலேயே எங்கள் பொறுப்பாளர் தையலுக்கு அனுமதி தர மறுக்கிறார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அவர் பயம் நியாயமானது, பிள்ளைகள் வெறுங்காலோடு உட்காரும் கூடம் அது. ஒரு கம்பளித் துண்டில் எண்கள் எழுதி, எண்ணுக்கு ஓர் ஊசி குத்தி வையுங்கள். பெயரோடு கொடுத்து, பெயரோடு திரும்ப வாங்குங்கள். எண்ணிக்கை சரியாகும்வரை யாரும் பாயைவிட்டு எழக்கூடாது. கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முனை மழுங்கிய பெரிய ஊசியும், முன்பே துளையிட்ட அட்டையும் போதும். முதல் தடவை தைப்பவர்கள் ஆறு பேருக்கு ஒரு பெரியவர் இருந்தால் நிம்மதி. அவ்வளவு பேர் கிடைக்காவிட்டால் குழுக்களை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். சூடான பசைத் துப்பாக்கி பிள்ளைகள் இருக்கும் மேசைப் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: மூன்று நாள் முகாமில் கைவேலைக்கு நேரம் கொடுப்பது வீண் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் இன்னொரு வேதபாடம் நடத்தலாமே? – சபை மூப்பர் ஒருவர்

பதில்: ஐயா, நீங்கள் எதைப் பார்த்து இப்படி எழுதினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. மினுமினுப்புத் தாளை வெட்டி ஒட்டி, வீட்டுக்குப் போய்ச் சேருமுன் உதிர்ந்துபோகிற வேலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை நிறுத்த வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் வரும் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை நினைத்துப் பாருங்கள். தொற்காள் என்றும் அவளுக்குப் பெயர். அவள் இறந்தபோது பேதுரு மேல்வீட்டுக்கு வருகிறார். அங்கே விதவைகள் அழுதுகொண்டு அவரிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அந்த அதிகாரத்தில் இல்லை. அவளை வேதம் 'சீஷி' என்று அழைக்கிறது. அவள் சீஷத்துவத்துக்குச் சாட்சி அந்தத் துணிகள். அன்னாள் ஆண்டுதோறும், ஆலயத்தில் விட்டுவந்த தன் மகன் சாமுவேலுக்குச் சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2 சொல்கிறது. பிள்ளை வளர வளர அளவும் மாறியிருக்கும் அல்லவா? கண்ணில் இல்லாத மகனின் தோளகலத்தை நினைத்துக்கொண்டு துணி வெட்டிய தாய் அவள். பன்னிரண்டு வயதுப் பெண் யாருக்கோ ஒரு பை தைக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அது பாடத்துக்குப் போட்டி ஆகாது, பாடமாகவே இருக்கும்.

கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும் என்பதையும் கவனித்திருக்கிறேன். சாட்சி சொல்லும் நேரத்தில் தலைகுனிந்து இருக்கும் பிள்ளை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வீட்டில் நடக்கும் கஷ்டத்தை மெதுவாகச் சொல்லும். யாரும் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை என்ற தைரியம்தான். அந்த மேசையில் நிதானமுள்ள ஒருவரை உட்கார வையுங்கள், ஐயா. உங்களுக்கு நேரம் இருந்தால் நீங்களே உட்காருங்கள்.

கேள்வி: ஐந்து வண்ணக் கம்பளித் துண்டுகளால் எழுத்தில்லாப் புத்தகம் தைக்க ஆசை. எப்படிச் செய்வது? இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: 1866இல் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் தம் பிரசங்கம் ஒன்றில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று பக்கங்களை வைத்து இரட்சிப்பை விளக்கினார். 1875இல் அமெரிக்கச் சுவிசேஷகர் டி. எல். மூடி பொன்நிறத்தைச் சேர்த்தார், பரலோகத்துக்காக. வளர்ச்சியைக் குறிக்கும் பச்சை அதற்கும் பிற்பாடு வந்தது.

ஒட்டுக்கம்பளித் துணிக்கு ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. அதனால் முதல் வேலைக்கு ஏற்றது. 14 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் ஐந்து துண்டுகளை அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பின்மேல் பின்தையல் போட்டால் புத்தகம் தயார். ஐந்து அடுக்கையும் குத்தச் சின்னக் கைகளுக்குப் பலம் போதாது. நீங்கள் முன்பே துளையிட்டு வையுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கறுப்பு என்றால் பாவம் என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எதிரே இருக்கும் கறுப்பு நிறப் பெண்பிள்ளை, ஏற்கெனவே நிறத்துக்காகக் கேலியைக் கேட்டு வளர்ந்தவள், அதைத் தன் தோலோடு சேர்த்துத்தான் கேட்டுக்கொள்வாள். அந்தப் பக்கத்துக்கு 'இருட்டு' என்று பெயர் வையுங்கள். தேவன் இல்லாத இடத்தின் இருட்டு. அடர்நீலத் துணிகூடப் போதும். நிறத்துக்கும் பாவத்துக்கும் சம்பந்தமில்லை என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு கை பலவீனமான சிறுமி இருக்கிறாள். மற்றவர்கள் தைக்கும்போது அவளுக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கலாமா?

பதில்: அவளே கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் அவளுக்கும் ஊசிதான். எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கி, வளையத்தை இடுக்கியால் மேசை விளிம்போடு பிடித்துவிட்டால் ஒரு கையாலேயே மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் குத்தலாம். ஊசியை, ஊசி குத்தி வைக்கும் சின்னப் பஞ்சுமெத்தையில் நிமிர்த்திக் குத்தி வைத்தால் நூலும் அவளே கோத்துக்கொள்வாள். பெரிய காதுள்ள ஊசியாகப் பாருங்கள்.

கேள்வி: முகாமில் 30 பேரும் சேர்ந்து ஒரே பொருளைச் செய்து யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறோம். யோசனை சொல்லுங்கள்.

பதில்: சக்கரநாற்காலியில் இருக்கும் சபைப் பெரியவருக்கு மடிப்போர்வை செய்யுங்கள். ஆளுக்கு 20 செ.மீ. சதுரம் ஒன்று. ஒவ்வோர் ஓரத்திலும் 1 செ.மீ. தையலுக்குப் போனால் 18 மிஞ்சும். ஐந்துக்கு ஆறாக இணைத்தால் 90க்கு 108 செ.மீ. போர்வை. ஓரத்தில் 3 செ.மீ. காலியாக விட்டுக் கோடு போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பூ இணைப்புக்குள் மறைந்துபோகும். உள்ளே இலை, மீன், விளக்கு என்று ஓர் எளிய உருவத்தைச் சங்கிலித் தையலில் (ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையமாகப் போகும் தையல்) போடட்டும். சதுரங்களை இணைப்பதும் பின்துணி வைப்பதும் முகாமுக்குப் பிறகு பெரியவர்கள் இயந்திரத்தில் செய்ய வேண்டிய வேலை.

பழைய துணியும் புதிய துணியும் கலந்து வரும். எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவையுங்கள். கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தோடு இணைத்தால் கிழிசல் அதிகமாகும் என்று ஆண்டவர் சொன்ன உவமை, துணி தெரிந்தவர்களுக்கு அப்படியே நேர்ப்பொருளிலும் உண்மை. துவைக்காத பருத்தி முதல் சலவையில் சுருங்கிப் பக்கத்துச் சதுரத்தைச் சேர்த்து இழுக்கும். சாயம் போகும் சிவப்பும் நீலமும் அந்தச் சலவையிலேயே தெரிந்துவிடும்.

போர்வை தயாரானதும் போதகர் மட்டும் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்க விடாதீர்கள். தைத்த பிள்ளைகளில் நாலைந்து பேராவது கூடப் போகட்டும். எந்தச் சதுரம் யாருடையது என்று அந்தப் பெரியவர் கட்டாயம் கேட்பார்.