கன்டெய்னரை அழித்தேன், லேப்டாப்களைக் காணோம்!

கேள்வி: நாற்பது லேப்டாப்களைத் தூரத்திலிருந்து கவனிக்க உதவும் மெஷ்சென்ட்ரல் சர்வரை டாக்கரில் (மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன். புதிய பதிப்புக்கு மாற, பழைய கன்டெய்னரை அழித்துவிட்டு புது இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) கிளப்பினேன். சர்வர் ஓடுகிறது, ஆனால் பட்டியல் காலி. டொமைன் பெயரும் போர்ட்டும் மாறவில்லை. லேப்டாப்கள் ஏன் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை?

பதில்: வால்யூமுக்கு, அதாவது கன்டெய்னருக்கு வெளியே தரவைச் சேமிக்கும் இடத்துக்கு, பெயர் வைத்துக் கட்டாமல் விட்டதுதான் காரணம். இந்த சர்வர் முதல்முறை கிளம்பும்போது தன் அடையாளத்தை நிரூபிக்கும் சில சான்றிதழ்களைத் தானே தயாரித்து, மெஷ்சென்ட்ரல்-டேட்டா என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் இருக்கும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் உங்கள் சர்வரை அடையாளம் காண்பது டொமைன் பெயரை வைத்து மட்டும் அல்ல, அந்தச் சான்றிதழின் ஹாஷையும் (கைரேகை போன்ற குறியீடு) சரிபார்த்துத்தான். ஃபோல்டர் போனதும் சர்வர் புதுச் சான்றிதழ் செய்துகொண்டது. ஏஜென்ட் பழைய முகவரிக்கு வந்து கதவைத் தட்டுகிறது, திறப்பது யாரோ வேற்றாள், திரும்பிப் போய்விடுகிறது. எரிச்சலாக இருக்கும், ஆனால் அது செய்வதுதான் சரி. இல்லையென்றால் உங்கள் டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்ற பதிவு) திருப்பிவிடும் எவன் கையிலும் நாற்பது லேப்டாப்பும் போய்ச் சேரும்.

பதறி எதையும் சுத்தம் செய்யாதீர்கள். பல இமேஜ்கள் நீங்கள் கேட்காமலேயே பெயரில்லாத வால்யூம்களை உருவாக்கிக்கொள்ளும், கன்டெய்னரைச் சாதாரணமாக அழித்தால் அவை அப்படியே கிடக்கும். 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' கொடுத்தால் 64 எழுத்தில் புரியாத பெயரோடு நிற்பவை அவைதான். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், சான்றிதழ் கோப்புகள் இருந்தால் பிழைத்தீர்கள். ஃபோல்டரை முழுசாகப் பிரதி எடுத்து, பெயர் வைத்த வால்யூமில் போட்டு அதையே கட்டிவிடுங்கள். 'வால்யூம் ப்ரூன்' கட்டளைப் பக்கமே போகாதீர்கள், டாக்கர் 23-இலிருந்து அது தேடித்தேடி அழிப்பதே இந்தப் பெயரில்லாதவற்றைத்தான். எதுவும் கிடைக்கவில்லையா? அப்புறம் ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஏஜென்ட்டை மறுபடி நிறுவ வேண்டியதுதான், வேறு வழியில்லை.

கேள்வி: சாதனங்களை நிர்வகிக்கும் ஃப்ளீட் சர்வரை, அதற்குத் தேவையான மைஎஸ்கியூஎல், ரெடிஸ் என்ற டேட்டாபேஸ்கள் இரண்டோடும் சேர்த்து கம்போஸில் (பல கன்டெய்னர்களை ஒன்றாகக் கிளப்பும் டாக்கர் கோப்பு) எழுதியிருக்கிறேன். முதல்முறை கிளப்பினால் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று செத்துவிடுகிறது, இரண்டாம் முறை ஓடுகிறது.

பதில்: கம்போஸில் வெறும் 'டிபெண்ட்ஸ் ஆன்' (இது அதை நம்பியிருக்கிறது) என்று எழுதினால் டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்பியதா என்று மட்டும்தான் பார்க்கும், உள்ளே மைஎஸ்கியூஎல் பேசத் தயாராகிவிட்டதா என்று பார்க்காது. டேட்டாபேஸுக்கு, அது தயாரா என்று சோதிக்கும் ஒரு ஹெல்த்செக் எழுதி, 'டிபெண்ட்ஸ் ஆன்' கீழே 'சர்வீஸ் ஹெல்தி' என்ற நிபந்தனையையும் சேருங்கள்.

கேள்வி: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டை மூடியும் வெளியிலிருந்து திறந்தே தெரிகிறதே?

பதில்: டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூவைக் கேட்பதில்லை. கம்போஸில் டேட்டாபேஸுக்குக் கீழே இருக்கும் 'போர்ட்ஸ்' வரியையே எடுத்துவிடுங்கள். ஒரே நெட்வொர்க்கில் உள்ள கன்டெய்னர்கள் சர்வீஸ் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும்.

கேள்வி: சர்வர் ஐபோன்களைத் தொடர்புகொள்ளத் தேவையான ஆப்பிள் புஷ் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது. அதை வாங்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். என் ஆப்பிள் கணக்கில் புதிதாக வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம்! அந்தச் சான்றிதழின் ஆயுள் ஓராண்டு, அதே கணக்கில் 'புதுப்பி' கொடுத்தால் பழைய டாபிக்கே (சான்றிதழுக்குள் இருக்கும் அடையாளப் பெயர், போன்கள் இதை வைத்துத்தான் பதிவாகியிருக்கும்) தொடரும். வேறு கணக்கில் வாங்கினால் டாபிக் மாறிவிடும், அத்தனை போன்களையும் மறுபடி பதிவு செய்ய நேரும். முதலில் போனவரைப் பிடித்து அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வாங்குங்கள். புதுப்பித்த பிறகும் உடனே சர்வரில் ஏற்றிவிடாமல், 'காம்.ஆப்பிள்.எம்ஜிஎம்டி' என்று தொடங்கும் அந்த டாபிக் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.