கடற்கொள்ளையர்களைப் பற்றி நாம் நம்புவதில் எவ்வளவு உண்மை?

ஒற்றைக்கண் துணி, தோளில் கிளி, புதையல் வரைபடம், பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது இதெல்லாம் நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "எப்படியும் கடல் வாழ்க்கை சாகசம்தானே?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அநேகமாக நீங்கள் மாணவர், கப்பல் வேலைக்குப் போகலாமா என்ற யோசனையும் இருக்கும். நான் பதினேழு வருடமாகச் சரக்குக் கப்பல்களில் இருக்கிறேன்.

பழைய கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, ஓய்வு நேரத்தில் வாசித்ததுதான். பலகையில் நடக்கவிட்டதெல்லாம் பெரும்பாலும் கதாசிரியர்கள் கொடுத்தது. புதையல் புதைத்தார் என்று உறுதியாகத் தெரிவது கேப்டன் கிட். 1699-ல் நியூயார்க் பக்கத்தில் உள்ள கார்டினர்ஸ் தீவில் புதைத்தார், அதையும் அதிகாரிகள் சீக்கிரமே தோண்டி எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் கிடைத்ததைப் பங்கு போட்டுச் செலவழித்தார்கள். பிளாக்பியர்டு என்ற கொள்ளையர் 1718-ல் அமெரிக்காவில் இன்றைய சார்லஸ்டன் துறைமுகத்தையே மறித்து நின்று, பிணைக்கைதிகளை விடுவிக்கக் கேட்டது மருந்துப் பெட்டி. கடலில் மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது. அந்தக் கொள்ளையர்களில் பலர் சரக்குக் கப்பல் மாலுமிகளாக இருந்து, அடியும் அரைச் சம்பளமும் தாங்காமல் அந்தப் பக்கம் போனவர்கள். கேப்டனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். கை, கால் போனால் இழப்பீடு எவ்வளவு என்று ஒப்பந்தமே எழுதி வைத்தார்கள். இதைச் சொன்னதும் கொள்ளையரைப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சித்திரவதை செய்து பிடுங்கியவர்களும் அவர்கள்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2011, சோமாலியாவுக்கு வடக்கே உள்ள ஏடன் வளைகுடா. சோமாலியக் கொள்ளையர்கள் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். அப்போது நான் மூன்றாம் அதிகாரி. முழுச் சரக்கு ஏற்றிய பல்க் கேரியர் (தானியம், நிலக்கரி மாதிரியானவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே ஏற்றும் கப்பல்), வேகம் 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல். 18 நாட்டுக்கு மேல் ஓடும் கப்பலில் ஏறுவது கொள்ளையர்களுக்குப் பெரும்பாடு. எங்களுடையது மெதுவான கப்பல், தளமும் தண்ணீருக்குக் கிட்டத்தில் இருந்தது. ஒரு வாரமாகக் கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டினோம். தள வேலையாட்களுக்குத் தலைவரான போசன், பழைய வேலை உடுப்புகளில் கந்தல் அடைத்து, காவலுக்கு ஆள் நிற்பதுபோல் பொம்மைகள் செய்து நிறுத்தினார்.

காலை ஒன்பது மணி இருக்கும், என் காவல் முறை. பின்பக்கம் இரண்டு சிறு படகுகள். விடிந்ததிலிருந்து அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொண்டேதான் வந்தோம். பைனாகுலரில் பார்த்தால் ஒன்றில் நீள ஏணி, நுனியில் கொக்கி. மீன் பிடிக்கிறவருக்கு ஏணி எதற்கு?

அலாரம் அடித்தோம். கேப்டனும் சுக்கான் பிடிப்பவரும் மட்டும் கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் நிற்க, மற்ற எல்லோரும் சுக்கானைத் திருப்பும் இயந்திரம் இருக்கும் ஸ்டியரிங் கியர் அறைக்குள் போய்க் கதவை இறுக்கினோம். உள்ளே நெருப்பு மாதிரி வெக்கை. வெளியே என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியாது. சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் தண்டு மட்டும் கண் முன்னால் இடதும் வலதுமாக நகர்ந்துகொண்டிருந்தது. அலை எழும்பிப் படகுகள் நெருங்க முடியாதபடி கேப்டன் வளைத்து வளைத்து ஓட்டுகிறார், அதாவது பிரிட்ஜ் இன்னும் எங்கள் கையில் இருக்கிறது. பத்தொன்பது பேரும் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் அது நடுவில் வந்து நின்றது. யாரும் பேசவில்லை. சமையல்காரர் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் போன் அடித்தது. "போய்விட்டார்கள்" என்றார் கேப்டன்.

நாற்பது நிமிடம்தான். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐஸ்பெர்க் 1 கப்பலில் இருந்தவர்கள் சோமாலியக் கொள்ளையர்களிடம் 2010 மார்ச் முதல் 2012 டிசம்பர் வரை, கிட்டத்தட்ட ஆயிரம் நாள் சிறைப்பட்டிருந்தார்கள். 24 பேர் பிடிபட்டார்கள், 22 பேர்தான் மீண்டார்கள். ஆஸ்பால்ட் வென்ச்சர் என்ற கப்பலில் பிணைப்பணம் வாங்கிய பிறகும் ஏழு இந்திய மாலுமிகளை விடாமல் 2014 அக்டோபர் வரை வைத்திருந்தார்கள். வெளிநாட்டு ட்ராலர்கள் (இழுவலை மீன்பிடிக் கப்பல்கள்) மீன்வளத்தைச் சுரண்டியதால்தானே சோமாலிய மீனவர்கள் ஆயுதம் எடுத்தார்கள் என்று சிலர் கேட்பீர்கள். 1991-ல் அரசு கவிழ்ந்த பிறகு அந்தச் சுரண்டல் நடந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்துக்கு வந்த ஒரு சமையல்காரரை மூன்று வருடம் அடைத்து வைத்ததற்கு அது நியாயம் ஆகாது.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டித் துறைமுகங்கள் எங்களை இறங்க விடவில்லை. சரக்கை மட்டும் இறக்கிக்கொண்டார்கள். உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே கிடந்தார்கள். ஒன்பது மாதம் என்று ஏறிய நான் பதினான்காவது மாதம்தான் இறங்கினேன். என் மகள் நடக்கத் தொடங்கியதை வீடியோவில் பார்த்தேன், அதுவும் சிக்னல் கிடைத்த ஒரு நாளில். கொள்ளையர் கதை கேட்கிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

கப்பலுக்கு வருவதென்றால் தாராளமாக வாருங்கள், நானே இன்னும் இதில்தான் இருக்கிறேன். ஆனால் வேலை வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜெண்ட் கமிஷன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாலுமியிடம் அப்படிப் பணம் வாங்கக் கூடாது என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே சொல்கிறது.