“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா”: ஆய்வில் சிறுமி சொன்னதை மறைக்கலாமா?

கேள்வி: நான் தென் மாவட்டம் ஒன்றில் சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளாகும் 15 முதல் 21 வயது வரையிலான இளையோர் அதை யாரிடம் சொல்கிறார்கள், ஏன் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது தலைப்பு. ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முன்னோட்டமாகச் சில மாணவிகளிடம் பேசினேன். ‘நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது’ என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் 16 வயது மாணவி, தன் வீட்டிலேயே தங்கியிருக்கும் உறவினர் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லி அழுதாள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா” என்றாள். என் நெறியாளரோ, “ரெக்கார்டிங்கை அழிச்சிடும்மா, அந்தப் பேட்டியே நடக்கலைன்னு வெச்சுக்கோ” என்கிறார். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. நான் புகார் கொடுத்தே ஆக வேண்டுமா? இந்த ஆய்வைத் தொடரலாமா?

பதில்: முதலில், அந்த ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். குற்றம் நடந்திருப்பது தெரிந்தும் அதன் சாட்சியத்தை மறைப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவில் வரும். நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது என்று மின்னணுப் பதிவை அழிப்பது 241-இல் வரும். உங்கள் நெறியாளர் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லியிருக்கலாம். அவர் காட்டிய வழியில் போனால் இருவருமே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிவரும். பதிவை அப்படியே ஓரிடத்தில் பத்திரமாக வையுங்கள். பிரதி எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், நெறியாளருக்கும்தான்.

அடுத்து, புகார் கொடுத்தே ஆக வேண்டுமா? ஆம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாதவர் மீது இச்சட்டப்படியான குற்றம் நடந்திருப்பதை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. மருத்துவர், ஆசிரியர், ஆய்வாளர் என்று அதில் யாருக்கும் விலக்கு இல்லை. தவறினால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

‘இதற்கெல்லாம் யார் வழக்குப் போடப் போகிறார்கள்’ என்று யாராவது சொன்னால் சந்திரபூர் வழக்கைச் சொல்லுங்கள். மகாராஷ்டிராவின் அந்த மாவட்டத்தில் பள்ளி விடுதி ஒன்றின் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், அவர்களுக்கு நேர்ந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

படிவத்தில் நீங்கள் கொடுத்த வாக்குறுதி சட்டத்தின் முன் செல்லாது. சட்டம் சொல்லச் சொல்வதைச் சொல்லமாட்டேன் என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆய்வில் பங்கேற்பவர் ஆய்வாளரிடம் சொல்வதற்கு இல்லை. அமெரிக்காவில் சில ஆய்வுகளுக்கு அரசே இரகசியக் காப்புச் சான்று தருகிறது. இங்கே அப்படி ஒன்று கிடையாது. நாளை நீதிமன்றம் கேட்டால் உங்கள் குறிப்பேட்டையும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பதற்காக, அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நாளைக்கே, பள்ளி ஆலோசகரோ அவள் நம்பும் ஆசிரியையோ உடனிருக்க, அவளைப் பாருங்கள். “அன்னைக்கு நான் சொன்னதுல ஒண்ணு தப்பு. இதை நான் சொல்லாம இருக்க முடியாது. ஆனா யார்கிட்ட, எப்படிச் சொல்றோம்ங்கிறதுல உன்கூட இருப்பேன்” என்று நேராகச் சொல்லுங்கள். வீட்டுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டாம். அந்த ஆள் அதே வீட்டில்தான் இருக்கிறார். என்ன நடந்தது, எத்தனை முறை, எங்கே என்று மறுபடி கிளறாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் தகவலே புகாருக்குப் போதும். துருவிக் கேட்பது அவளையும் நோகடிக்கும். குறுக்கு விசாரணையில் ‘ஆய்வாளர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள்’ என்று எதிர்த்தரப்பு வாதாட வழியும் செய்துகொடுக்கும்.

அன்றே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழையுங்கள், நல்லதுதான். ஆனால் 1098-இல் சொல்லிவிட்டேன் என்று நின்றுவிடாதீர்கள், 19-ஆவது பிரிவு கேட்பது காவல்துறைக்கான தகவலை. அவர்கள் அதை எழுத்தில் பதிந்து, பதிவு எண் கொடுத்து, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த எண்ணை வாங்காமல் கிளம்பாதீர்கள். நல்லெண்ணத்தில் தகவல் தருபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்று 19(7) சொல்கிறது. ஒரு வாரத் தாமதத்தைப் பற்றிக் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பின்னாளில் நீங்கள் சாட்சியாக அழைக்கப்படுவீர்கள். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

குற்றம் சாட்டப்படுபவர் ஒரே வீட்டில் இருப்பதால், 24 மணி நேரத்துக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் காவல்துறை கொண்டுசெல்ல வேண்டும். வீட்டிலேயே இருக்கலாமா, வேறு இடத்தில் வைக்க வேண்டுமா என்று மூன்று நாளுக்குள் குழு முடிவு செய்யும். வழக்கு முடியும்வரை கூட வருவதற்கு ஒரு துணையாளரைக் கேட்டுப் பெறலாம். அவளுடைய வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். இரவில் அவளை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். போலீஸ் என்றாலே சினிமாவில் பார்த்ததுதான் அந்த வயதுப் பிள்ளைகளின் கண்முன் வரும்.

ஆய்வைத் தொடரலாமா என்றால், இதே வடிவத்தில் கூடாது. ஆய்வே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ‘நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காது’ என்ற பேச்சு அதன் பிறகுதான் அடங்கியது. பிள்ளைகளைக் கேட்காமல் பெரியவர்களை மட்டும் கேட்டிருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது போக்சோவுக்கு முந்தைய காலம். இன்று அதே கேள்வியை நேருக்கு நேர் கேட்கும் ஒவ்வொருவரும் 19-ஆவது பிரிவைத் தோளில் சுமந்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

தலைமை ஆசிரியரின் கையெழுத்து பள்ளிக்குள் நுழைவதற்கான அனுமதி, அவ்வளவே. அவர் அந்தப் பிள்ளைகளின் சட்டப்படியான காப்பாளர் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் சம்மதம், பிள்ளையின் தனி இசைவு மூன்றும் வேண்டும். பெற்றோர் சரி என்று பிள்ளை வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பாலியல் வன்முறை பற்றிய ஆய்வு’ என்று தலைப்பிட்ட சம்மதக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பினால், தப்பு செய்கிறவனே அதைப் படிப்பான். பிள்ளை என்ன சொன்னாள் என்று அன்று இரவே விசாரணை நடக்கும். குழந்தைகள், இளையோர் மீதான வன்முறை பற்றிப் பல நாடுகளில் 13 முதல் 24 வயதினரிடம் நடத்தப்படும் கணக்கெடுப்புகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. வீட்டாரிடம் உடல்நலம், கல்வி, வாழ்க்கை அனுபவங்கள் பற்றிய ஆய்வு என்று மட்டும் சொல்வார்கள். முழு விவரத்தைத் தனிமையில் இளையவரிடம் சொல்லி இசைவு வாங்குவார்கள். ஆண்களை ஒரு பகுதியிலும் பெண்களை வேறு பகுதியிலும் பேட்டி காண்பார்கள், செய்தவனும் பட்டவளும் ஒரே தெருவில் ஒரே கேள்வித்தாளுக்குப் பதில் சொல்லும் நிலை வராதிருக்க. இந்த முறையை நீங்களாக எடுத்தாளாதீர்கள். காரணத்தோடு நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் ஆய்வை இரண்டாகப் பிரியுங்கள். சொந்த அனுபவம் கேட்பதை 18 முடிந்தவர்களோடு வையுங்கள். அதிலும் முழு விடுதலை இல்லை: சிறு வயதில் நடந்ததை 20 வயதில் ஒருவர் சொன்னால், சொல்பவர் வளர்ந்துவிட்டார் என்பதற்காக 19-ஆவது பிரிவு விலக்கு எதையும் எழுதி வைக்கவில்லை. போக்சோ நடைமுறைக்கு வந்த 2012 நவம்பர் 14-க்கு முன் நடந்தவை மட்டும் அந்தப் பிரிவுக்குள் வாரா.

18-க்குக் கீழே உள்ளவர்களிடம் அனுபவத்தைக் கேட்காமல் அறிவையும் தடையையும் கேளுங்கள்: இப்படி நடந்தால் உன் தோழி யாரிடம் போவாள், எங்கே போகத் தயங்குவாள், ஏன். உங்கள் தலைப்புக்கு அதுவே நிறையத் தரும். பெயரில்லாத கேள்வித்தாள் கொடுத்தால் உண்மையிலேயே பெயரில்லாததாக இருக்கட்டும். வகுப்பு, பிரிவு, பிறந்த தேதி என்று வாங்கிவிட்டு ‘அநாமதேயம்’ என்று எழுதுவது ஏமாற்று. யார் எழுதியது என்றே தெரியாத தாளை வைத்துப் புகார் கொடுக்க வழியில்லை. ஆனால் ஒரே பள்ளியின் மூன்று தாள்கள் ஒரே ஆசிரியரைச் சுட்டினால், ‘நடக்கக்கூடும் என்ற அச்சம்’ உங்களுக்கு வந்தாகிவிட்டது. எழுதிய மாணவிகள் யாரென்று தெரியாவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கண்ணி: காதல். சட்டத்தின் கண்ணில் 17 வயதுப் பெண்ணும் குழந்தைதான், அவளுடைய விருப்பம் கணக்கில் வராது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் விஜயலட்சுமி வழக்கில், விடலைப் பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று ஒரு வழக்கை ரத்து செய்தது உண்மை. ஆனால் 2023-இல் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில் சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தந்த சலுகை ஆய்வாளருக்குக் கிடையாது. ஆகவே ‘உனக்குக் காதலன் உண்டா, எதுவரை போனீர்கள்’ என்ற கேள்விகளை எடுத்துவிடுங்கள். ஆய்வுக்கு உதவ வந்த பெண்ணின் பதிலால் அவளுடைய 18 வயது நண்பன் சிறைக்குப் போவதை எந்த நெறிமுறையும் ஏற்காது.

படிவத்தின் முதல் பத்தியிலேயே, ஒப்பம் வாங்கும் முன், இப்படி எழுதுங்கள்: “நீ சொல்வதை யார் சொன்னது என்று தெரியும்படி எழுதமாட்டேன். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ள யாரையாவது ஒருவர் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவது எனக்குத் தெரியவந்தால், காவல்துறைக்குச் சொல்வது என் சட்டக் கடமை. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம்.” இதைப் படித்தபின் சிலர் பேசாமல் போவார்கள். போகட்டும், அது அவர்களுடைய உரிமை.

இளையோர் ஆலோசனைக் குழு அமைக்கும் எண்ணம் இருந்தால் தாராளமாக அமையுங்கள். கேள்விகளின் மொழியை அவர்கள் திருத்துவது போல் நாம் திருத்த முடியாது. பயணச் செலவும் சாப்பாடும் கொடுங்கள். ஆனால் சொந்த ஊர்த் தோழர்களைப் பேட்டி எடுக்க அனுப்பாதீர்கள்: தகவல் தரும் கடமை குழந்தைக்கும் உண்டு, தண்டனைதான் இல்லை. 16 வயதுப் பிள்ளை தலையில் அந்தப் பாரத்தை ஏற்றுவது முறையல்ல. அவர்களோடு குழுப்படம் எடுத்து முகநூலில் போடுவதும் வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டுமல்ல, அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நிபுண் சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் ஆய்வேட்டில் பள்ளியின் பெயர், ஊர், ‘வீட்டில் தங்கியிருக்கும் உறவினர்’ மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் அந்த ஊரில் அவளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. எனவே அவளுடைய பேட்டியை ஆய்வேட்டில் எந்த வடிவிலும் சேர்க்காதீர்கள். அது இப்போது ஒரு வழக்கின் சாட்சியம்.