சர்பத்துக்கு 15 ஆயிரம் போதும், டாப்-அப் எதற்கு?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம், திண்டுக்கல்லில். வருகிறவர்களுக்குத் தேங்காய்ப் பைக்குப் பதிலாக, என் அம்மா கையால் காய்ச்சிய நன்னாரி சர்பத்தை 200 மில்லி பாட்டிலில் கொடுக்க ஆசை. ‘வெறும் பாட்டில் கொடுத்தால் நன்றாக இருக்காது, மரப்பெட்டியில் வைத்து வெள்ளி முலாம் குங்குமச்சிமிழும் சேருங்கள்’ என்கிறார்கள் சம்பந்தி வீட்டில். என் அக்காவும் அவர்கள் பக்கம். ஒன்றுக்கு 250 ரூபாய், 600 பேருக்கு ஒன்றரை லட்சம். இந்தச் செலவுக்கென்று கையில் இருப்பது 40,000. ஏற்கெனவே உள்ள பர்சனல் லோன் மேலேயே பேங்க் ஒன்றரை லட்சம் டாப்-அப், அதாவது கூடுதல் கடன், தருகிறது, இஎம்ஐ 500 ரூபாய்தான் கூடும். மொய் வந்ததும் அடைத்துவிடலாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சர்பத் நல்ல யோசனை, அதைக் கைவிடாதீர்கள். எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தோடு வந்த லோன் ஸ்டேட்மென்ட்தான்.

நான்கு வருடத்துக்கு முன் புதுமனைப் புகுவிழாவுக்கு 3 லட்சம் வாங்கினீர்கள். 14 சதவீதம், ஐந்து வருடம், இஎம்ஐ சுமார் 7,000. அதை அப்படியே விட்டிருந்தால் இன்னும் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். ஆனால் இரண்டு வருடம் கட்டிய பிறகு, அக்கா மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் குறையக் கூடாது என்று 2 லட்சம் டாப்-அப். பழைய பாக்கியும் சேர்ந்து கணக்கு மறுபடி ஐந்து வருடத்துக்குப் போனது, இஎம்ஐ 9,400. இதுவரை நீங்கள் கட்டியது ஏறக்குறைய 3.9 லட்சம். அசலில் கழிந்தது 2.25 லட்சம்தான், மீதி வட்டி. பாக்கி இன்னும் 2.75 லட்சம் நிற்கிறது.

இப்போது அந்த 500 ரூபாய்க்கு வருவோம். டாப்-அப் வாங்காவிட்டால் இன்னும் 36 மாதம் 9,400, அதாவது 3.4 லட்சம் கட்டி முடித்துவிடுவீர்கள். வாங்கினால் 60 மாதம் 9,900, மொத்தம் 5.94 லட்சம். ஒன்றரை லட்சம் பரிசுக்கு நீங்கள் கொடுக்கப்போவது இரண்டரை லட்சத்துக்கும் மேல். பிராசஸிங் கட்டணம் தனி. பேங்க்காரர் 500 ரூபாயைச் சொல்வார், கூடுகிற 24 மாதத்தைச் சொல்ல மாட்டார்.

மொய்யை நம்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் ஊரில் நோட்டுப் போட்டு எழுதுகிற மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். அதில் ஒரு கடனை அடைத்தால் அடுத்த ஆவணியில் மொய் செய்ய இன்னொரு டாப்-அப் கேட்டு நிற்பீர்கள். தவிர, நிலையான வட்டி லோனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கும் கட்டணம் இருக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

சரி, சர்பத் கணக்கு. 600 பேர் வந்தாலும் குடும்பத்துக்கு ஒன்று என்றால் 250 பாட்டில் போதும். 50 லிட்டர் சிரப் வேண்டும். அதற்குச் சர்க்கரை சுமார் 45 கிலோ, 2,000 ரூபாய்க்குச் சற்று மேலே. நன்னாரி வேர் 3,000 என்று வையுங்கள். கண்ணாடி பாட்டில் 20 ரூபாய் வீதம் 5,000. லேபிளும் சின்னத் துணிப்பையும் 4,000. கேஸ், கூடமாட உதவுகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் 15,000-ஐத் தாண்டாது. கைப்பணத்தில் முடிகிற காரியம். எலுமிச்சைச் சாற்றைச் சிரப்பில் கலக்காதீர்கள், குடிக்கும்போது பிழிந்துகொள்ளட்டும். பாட்டிலைக் கொதிநீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்தால் மார்கழியிலேயே காய்ச்சி வைத்துவிடலாம்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பாட்டிலில் க்யூஆர் ஒட்டி, ஆளுக்கு 100 ரூபாய் டிஜிட்டல் தங்கம் (ஆப் வழியாக வாங்கிவைக்கும் தங்கம்) கொடுக்கலாம் என்று மருமகப் பையன் சொன்னதாக. வாங்குகிற நிமிடமே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடும். இது தன் கண்காணிப்பில் இல்லாத பொருள் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. வருகிற பெரியவர்களில் எத்தனை பேர் அந்த ஆப்பைத் திறக்கப்போகிறார்கள்?

சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள் நேராகப் போய்ப் பணக்கணக்குப் பேச வேண்டாம். மாப்பிள்ளை மூலமாகச் சொல்லுங்கள்: எங்கள் பக்கத்து விருந்தினருக்குச் சர்பத் மட்டும், உங்கள் பக்கம் பெட்டியோ சிமிழோ விருப்பப்பட்டால் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். பில் தன் கைக்கு வந்தால் மரப்பெட்டி ஆசை பாதி குறைந்துவிடும் என்பது என் அனுபவம். அக்காவிடம் மட்டும் சுற்றி வளைக்க வேண்டாம், இந்த ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள். அவர் மகள் சீருக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

அப்புறம், பேங்கிலிருந்து வரும் டாப்-அப் அழைப்புகளை நிறுத்தச் சொல்லி இந்த வாரமே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். 40,000-இல் மிஞ்சுகிற 25,000-ஐக் கல்யாணம் முடியும்வரை தொடாமல் வையுங்கள், மண்டபத்தில் கடைசி நேரச் செலவு எதுவும் சொல்லிக்கொண்டு வராது. பாட்டில் வாங்கும்போது 20 கூடுதலாக வாங்குங்கள், உடையும்.