பதில்: கிளப் பிளேட் நகல் ஏன் சிறுத்தது?

வார்த்த நகல் சிறுத்துவிட்டது, போல்ட் துளைகளும் பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மூலை உடைந்த உங்கள் 1950களின் கலிஃபோர்னியா ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) கிளப் பிளேட்டையே, அதாவது காரில் மாட்டும் கிளப் பெயர்த் தகட்டையே, மணலில் பதித்து வார்த்தால் நகல் சிறுக்கத்தான் செய்யும், நண்பரே. அலுமினியம் ஆறும்போது நீளத்தில் சுமார் 1.3 சதவீதம் சுருங்கும், 25 செ.மீ. பிளேட்டில் 3 மி.மீ. போய்விடும். போல்ட் துளைகள் பொருந்தாததும் அதனால்தான்.

பழையதை ஸ்கேன் செய்து, மூலையைக் கணினியிலேயே நிரப்பி, 101.3 சதவீதத்துக்குப் பெரிதாக்கி 3டி அச்சில் பேட்டர்ன் (மணலில் பதிக்கும் மாதிரி) எடுங்கள். எழுத்துகளின் பக்கச் சுவருக்கு 2-3 டிகிரி சரிவு அவசியம். செங்குத்தாக விட்டால் பேட்டர்னை உருவும்போது மணல் விளிம்பு உதிரும், எழுத்து மழுங்கும். 3டி அச்சு பேட்டர்னில் விடும் படிவரிகளைப் புட்டி பூசித் தேய்த்துவிடுங்கள், மணல் அதையும் காட்டிக்கொடுக்கும். துளைகளை வார்த்த பிறகே போடுங்கள்.

எழுத்துகளைச் சுற்றியுள்ள பள்ளத்தில் பூசிய பெயின்ட் காய்ந்ததும், தட்டையான கட்டையில் 220 கிரிட் உப்புத்தாளைச் சுற்றி எழுத்தின் முகப்பை மட்டும் தேயுங்கள். பின்புறம் ‘நகல்’ என்று வருடத்தோடு பொறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் அசல் விலைக்கு விற்கப்படும்.